ராக், ஃபங்க் பாட்டுகளை பிக் பேண்டுக்கு (ஊதுகருவிகள் நிறைந்த பெரிய ஜாஸ் குழுவுக்கு) எழுதுவது: கேள்வி பதில்

கே: ஸ்டீவி வொண்டரின் 'சூப்பர்ஸ்டிஷன்' எழுதினேன். சாக்ஸ், டிரம்பெட், டிரோம்போன் என்று 13 பேர் ஊதியும் துள்ளலே இல்லை, ஏன் அண்ணா?

ப: 13 பேரும் சேர்ந்து ஊதியதால்தான் தம்பி. 1972 ஒலிப்பதிவில் ஊதுகிறவர்கள் இரண்டே பேர், ஒரு டிரம்பெட், ஒரு டெனர் சாக்ஸ். துள்ளல் எல்லாம் டிரம்ஸிலும் கிளாவினெட் என்ற கீபோர்டிலும் இருக்கிறது. கிளாவினெட் வரியை சாக்ஸுக்குக் கொடுப்பதானால் ஒரே ஆளிடம் கொடுக்காதீர்கள், பாதியில் மூச்சு முட்டும். இரண்டு டெனருக்கு ஒரு பார் (ஒரு தாளக் கட்டம்) விட்டு ஒரு பார் பிரித்துக் கொடுங்கள். எல்லோரையும் கடைசிச் சுற்றுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

கே: 'ஸ்மோக் ஆன் தி வாட்டர்' ரிஃபுக்கு, அதாவது திரும்பத் திரும்ப வரும் அந்தக் கிட்டார் வரிக்கு, டிரோம்போன் போதுமா?

ப: தாராளமாக. டி-ஜி, எஃப்-பி ஃபிளாட், ஜி-சி என்று ஜோடி ஜோடியாகத்தான் அது நகர்கிறது. அப்படியே எழுதுங்கள். இடையில் ஒரு ஸ்வரத்தைச் செருகி நிரப்பினால் கல்யாண பேண்ட் ஆகிவிடும்.

கே: எட்டாம் நோட்டுகளை ஸ்விங் பண்ணலாமா, அதாவது ஜாஸில் போல ஒன்று நீளம், ஒன்று குறுக்கல் என்று?

ப: வேண்டாம். தாளின் தலையிலேயே 'ஸ்ட்ரெய்ட்' (எல்லாம் சம நீளம்) என்று எழுதுங்கள், இல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் பண்ணிவிடுவார்கள்.

கே: ஹெண்ட்ரிக்ஸின் 'பர்பிள் ஹேஸ்' இ ஸ்ருதியில் இருக்கிறது. அப்படியே வைக்கலாமா?

ப: டிரம்பெட்டுக்கும் ஆல்டோ சாக்ஸுக்கும் தாளில் எழுதும் ஸ்வரம் ஒன்று, ஒலிப்பது வேறு. இ ஒலிக்க வேண்டும் என்றால் டிரம்பெட் தாளில் எஃப் ஷார்ப், ஆல்டோ தாளில் சி ஷார்ப். 6 ஷார்ப், 7 ஷார்ப். பெரிய ஆட்கள் வாசித்துவிடுவார்கள், கல்லூரி பேண்ட் தடுமாறும். அரை ஸ்வரம் இறக்கி இ ஃபிளாட்டில் வையுங்கள், டிரம்பெட்டுக்கு எஃப், ஆல்டோவுக்கு சி.

கே: நான் கிட்டார் வாசிப்பவன். இ ஃபிளாட்டில் வைப்பது அந்தப் பாட்டுக்குச் செய்யும் துரோகம் சார். திறந்த இ கம்பி அதிராமல் அது ஹெண்ட்ரிக்ஸே இல்லை.

ப: மேடையில் ஹெண்ட்ரிக்ஸே பல நேரம் கிட்டாரை அரை ஸ்வரம் இறக்கித்தான் கட்டினார். நீங்களும் இறக்கிக் கட்டுங்கள், அதே திறந்த கம்பி, அதே விரல், ஒலிப்பது இ ஃபிளாட். துரோகமா? அவரோடு சேர்ந்து வேலை செய்ய ஜாஸ் இசையமைப்பாளர் கில் எவன்ஸ் திட்டமிட்டிருந்தார், 1970இல் ஹெண்ட்ரிக்ஸ் இறந்துவிட்டார். பிறகு 1974இல் எவன்ஸ் போட்ட ஹெண்ட்ரிக்ஸ் ஆல்பத்தில் 'வூடூ சைல்' பாட்டில் முன்னால் நிற்பது ஹோவர்ட் ஜான்சனின் டியூபா. அதைக் கேட்டுவிட்டு வாருங்கள், மீதிச் சண்டையைப் போடுவோம்.

கே: 'கமீலியன்' பேஸ் வரியை யாருக்குத் தருவது?

ப: ஹெர்பி ஹான்காக் 1973இல் அதை ஆர்ப் ஒடிஸி சிந்தசைசரில் வாசித்தார். உங்களிடம் பேஸ் கிட்டார் போதும். பாட்டு பெரும்பாலும் பி ஃபிளாட் மைனர் 7, இ ஃபிளாட் 7 என்ற இரண்டு கார்டுகள்தான் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்கள்), அதனால் சுவாரஸ்யம் ஆட்களைக் கூட்டிக் குறைப்பதில்தான் இருக்கிறது. முதலில் பேஸ் மட்டும், பிறகு பாரிடோன் சாக்ஸ், கடைசியில் பேஸ் டிரோம்போன். மறுபடியும் சொல்கிறேன், எல்லோரையும் முதல் பாரிலேயே ஊதவிடாதீர்கள். டிரம்பெட் கலைஞர் மேனார்ட் ஃபெர்குசனின் பேண்டுக்காக ஜே சாட்டவே இதே பாட்டை எழுதியதையும் கேளுங்கள், 1974.

கே: எழுதியதை விற்கலாமா?

ப: பாட்டின் உரிமை வைத்திருக்கும் பதிப்பாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் கூடாது.

கே: கிட்டார் சத்தத்தில் சாக்ஸ் கேட்கவில்லை.

ப: சவுண்ட் இன்ஜினியரைப் பாருங்கள்.

கே: ராக் பாட்டுக்கு எந்த ஸ்ருதி நல்லது?

ப: மேலே படியுங்கள்.

கே: டியூபா கேட்டேன் சார். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இ தான்.

ப: சரி, இ-யிலேயே வையுங்கள். ஆல்டோ தாளை மட்டும் சி ஷார்ப்புக்குப் பதில் டி ஃபிளாட் என்று மாற்றி எழுதிக் கொடுங்கள், ஒலி அதேதான், 7 ஷார்ப்புக்குப் பதில் 5 ஃபிளாட், வாசிக்கிறவர் திட்டமாட்டார்.