மருமகளுக்குப் பிரசவம், மாமியாருக்குக் கலக்கம்

கேள்வி: என் மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். மருமகள் அமெரிக்கக் கறுப்பினப் பெண். இப்போது எட்டாம் மாதம். துணைக்கு நான் கிளம்புகிறேன். ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலே அவள் முகம் மாறிவிடுகிறதாம், தூக்கமும் இல்லையாம். கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்கிறாளாம். நல்ல படிப்பு, வேலை, இன்சூரன்ஸ் எல்லாம் இருக்கிறது. அப்புறம் என்ன பயம்?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வீண் பயம் என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறாதீர்கள் அம்மா. 2023 கணக்குப்படி அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு வெள்ளையினத் தாய்மார்களில் சுமார் 14 பேர் இறக்கிறார்கள். கறுப்பினத் தாய்மார்களில் 50 பேர். படிப்பும் பணமும் இதை மாற்றிவிடவில்லை. டென்னிஸ் ராணி செரீனா வில்லியம்ஸ், 2017-இல் சிசேரியனுக்கு மறுநாள் மூச்சுத் திணறி, ஸ்கேன் எடுங்கள் என்று கேட்டபோது, வலி மருந்தின் குழப்பத்தில் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்துவிட்டார். எடுத்துப் பார்த்தால் நுரையீரலில் ரத்தக்கட்டிகள். அதே ஆண்டு, அட்லாண்டாவின் நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் சுகாதார ஏற்றத்தாழ்வை ஆராய்ந்த ஷாலன் இர்விங், குழந்தை பெற்ற மூன்றே வாரத்தில் இறந்துபோனார். உடம்பு சரியில்லை என்று பலமுறை டாக்டரிடம் போயும்தான். உங்கள் மருமகளுக்கு இதெல்லாம் தெரிந்திருக்கும்.

நான் அந்த நாட்டில் பிரசவ வார்டு நர்ஸாக இருந்தவள். பிள்ளை பெற்றவர்களிடம் மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்க எடின்பரோ படிவம் என்று ஒன்று கொடுப்போம், பத்துக் கேள்விகள். ‘கடந்த ஏழு நாளில் சிரிக்க முடிந்ததா’ என்று ஆரம்பித்து, தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் எண்ணம் வந்ததா என்பதில் முடியும். கறுப்பினப் பெண்கள் சிலர் படித்துக்கூடப் பார்க்காமல் எல்லாவற்றிலும் ‘நல்ல’ பதிலாக டிக் அடித்துத் திருப்பித் தந்துவிடுவார்கள். உண்மையைச் சொன்னால் குழந்தைகள் நலத் துறைக்காரர்கள் பிள்ளையைத் தூக்கிப் போய்விடுவார்களோ என்ற பயம். அந்தத் துறையின் விசாரணை கறுப்பினக் குடும்பங்கள் மேல்தான் அதிகம் பாய்கிறது, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

எனவே துருவித் துருவிக் கேட்காதீர்கள். ‘எங்க காலத்துல வயல்லயே பெத்துட்டு நாத்து நட்டோம்’ கதை வேண்டவே வேண்டாம். கறுப்புப் பெண் எதையும் தாங்குவாள் என்பதை அவள் சின்ன வயதிலிருந்தே கேட்டு அலுத்திருப்பாள். மகனிடம் சொல்லி இப்போதே ஒரு டூலாவைப் பார்க்கச் சொல்லுங்கள், கறுப்பினப் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது. டூலா பிரசவம் பார்ப்பவர் இல்லை. கூடவே இருந்து தெம்பு கொடுப்பார், மருமகள் சொல்வது டாக்டர் காதில் விழும்படி பார்த்துக்கொள்வார்.

பிறந்த பிறகு ராத்திரியில் குழந்தையை நீங்கள் வாங்கிக்கொண்டு அவளை நான்கு மணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கவிடுங்கள். உளுந்தங்களி, நெற்றி மை எல்லாம் அவளைக் கேட்டுத்தான். சம்பந்தியம்மா வந்தால் அவர் சொல்லுக்கே முதலிடம். முதல் சில நாள் மருமகள் அழுவது சகஜம். இரண்டு வாரம் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், தீராத தலைவலி என்றால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. ஆஸ்பத்திரிக்குப் போனதும் ‘பிரசவமாகி இத்தனை நாள்’ என்று முதலில் சொல்லுங்கள்.

1-833-852-6262 என்ற எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளுக்கும் புதுத் தாய்மார்களுக்குமான அமெரிக்க அரசின் மனநல உதவி எண், 24 மணி நேரமும் இலவசம், குடும்பத்தாரும் பேசலாம். உங்கள் மகனுக்கும் அது தேவைப்படலாம். பிள்ளை பிறந்தபின் அப்பாக்களுக்கும் மனச்சோர்வு வரும்.