கேள்வி–பதில்: ராஜாவுக்கு யானை பிடித்துக் கொடுத்தவர்கள்

(பதில் சொல்பவர்: கர்நாடக வனத்துறை யானை முகாம்களில் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பெங்களூரில் வசிப்பவர்)

கே: காக்கனகோட்டை கெத்தாவைப் பார்த்த கதையை என் தாத்தா அடிக்கடி சொல்வார். தாய்லாந்து ராஜாக்களும் இப்படித்தான் யானை பிடித்தார்களா?
– வாசகி, அல்சூர்

ப: கூட்டத்தோடு வளைத்து அடைப்பது என்ற அளவில் இரண்டும் ஒன்றுதான், செய்முறைதான் வேறு. 1870-களில் ஆங்கிலேய அதிகாரி சாண்டர்சன் தொடங்கி 1971 வரை நடந்த மைசூர் கெத்தாவில் (காட்டு யானைகளைக் கூட்டமாக விரட்டி அடைத்துப் பிடிக்கும் முறை), தம்பட்டமும் தீப்பந்தமுமாக ஆட்கள் காட்டைக் கலக்கி யானைகளை விரட்டுவார்கள். கபினி ஆற்றில் இறக்கி அடைப்பதும் உண்டு. சயாமில், அதாவது அன்றைய தாய்லாந்தில், பழகிய யானைகளுக்குத்தான் பெரிய வேலை. காட்டுக்கூட்டத்தோடு கலந்து, பக்கத்தில் நடந்து, அவைதான் கூட்டத்தைத் தொழுவம் வரை கொண்டுவந்து சேர்க்கும்.

சயாமின் பழைய தலைநகரான அயுத்தியா நகருக்கு வடக்கே அந்தத் தொழுவம் இன்றும் இருக்கிறது, பனியட் என்பார்கள். 1767-ல் பர்மியப் படை அயுத்தியாவை அழித்த பிறகு, பாங்காக் மன்னர்கள் அதைத் திரும்பக் கட்டினார்கள். தடித்த மரத்தூண்களை வரிசையாக நட்ட வேலி. வாய் அகலமாகத் தொடங்கிப் போகப்போகக் குறுகும். தூண்களுக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நுழையலாம், யானையால் முடியாது. உள்ளே வேலை செய்பவன் உயிர் தப்ப அந்த இடைவெளிதான் வழி. கும்கி மேல் இருந்துகொண்டு, யானையை அடைக்கும் மரக்கூண்டான கரால் பக்கத்தில் ஊசி போட்டவன் நான். அந்த இடைவெளியை விட்டவன் யானையை நன்றாக அறிந்தவன் என்பேன்.

ஒரு பக்கம் ராஜா உட்கார்ந்து பார்க்க மண்டபம். பிடிப்பவர்கள் உள்ளே பழகிய யானைகளின் மேல் வந்து, தந்தமும் உடற்கட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்த யானையின் பின்னங்காலில் சுருக்குப் போடுவார்கள். வேண்டாதவற்றைக் காட்டுக்கே திருப்பி விடுவார்கள். 1891-ல் ரஷ்ய இளவரசர் நிக்கோலாஸ் வந்தபோது, சயாம் மன்னர் ஐந்தாம் ராமா சூலாலங்கோர்ன் அவருக்கு இதைக் காட்டினார். அதற்குள் போருக்கு யானை தேவைப்படாத காலம் வந்துவிட்டது, விருந்தாளிக்கான காட்சி என்றே ஆகிவிட்டது. 1903-ல் நடந்ததுதான் அங்கே கடைசி என்பார்கள்.

கே: யானைக்காக இரண்டு நாடுகள் போர் செய்ததாகப் படித்தேன். நம்பலாமா?
– வாசகர், ராமமூர்த்தி நகர்

ப: நம்பலாம். அயுத்தியாவின் மகா சக்ரபத் மன்னரிடம் வெள்ளை யானைகள் இருந்தன. பர்மிய மன்னர் பயின்னவுங் இரண்டு கேட்டார், இவர் மறுத்தார். 1563-ல் படை வந்தது, கடைசியில் நான்கு போயின. வெள்ளை யானை அரச பாக்கியத்தின் அடையாளம் என்பதால் அதைக் கொடுப்பது பணிந்துபோவதற்குச் சமம். பர்மிய மன்னருக்கு ஒரு சாக்கும் வேண்டியிருந்தது. யானைப்படைத் தலைமை எவ்வளவு பெரிய பதவி என்பதற்கு இன்னொன்று சொல்கிறேன்: அயுத்தியாவின் நாராய் மன்னரிடம் அந்தப் பொறுப்பில் இருந்த பெத்ராச்சா, 1688-ல் தானே அரியணை ஏறிவிட்டார்.

கே: ராஜா பிடித்தார் என்கிறோம். உண்மையில் பிடித்தது யார்?
– வாசகர், விவேக் நகர்

ப: இந்தக் கேள்விக்காகவே உங்களுக்கு நன்றி. தொழுவத்துக்குக் கூட்டத்தை ஓட்டி வந்தது அரசரின் யானைத்துறை ஆட்கள். காட்டுக்குள்ளேயே போய்ச் சுருக்குப் போட்டுப் பிடிப்பதில் பேர் பெற்றவர்கள் வடகிழக்குத் தாய்லாந்தின் சுரின் பக்கத்துக் குய் மக்கள். எருமைத்தோலை வாராகக் கீறி முறுக்கிய கயிறு, அதன் ஒரு முனை பழகிய யானையோடு கட்டியிருக்கும். மறுமுனைச் சுருக்கு நீண்ட கழியில். துரத்திக்கொண்டே போய், ஓடும் யானை பின்னங்காலைத் தூக்கும் கணத்தில் மாட்டிவிட வேண்டும்.

அந்தக் கயிறுதான் அவர்களுக்குத் தெய்வம். அதற்குத் தனியாகச் சின்னக் கோயில் கட்டி வைத்திருப்பார்கள், பெண்கள் தொடக்கூடாது. ஆண்கள் காட்டுக்குப் போனால் வீட்டில் இருக்கும் மனைவி தலைமுடி வெட்டக்கூடாது, வீடு பெருக்கக்கூடாது. காட்டில் வேட்டைக்கென்றே தனிப்பேச்சு உண்டு. நம் நாகரஹொளே காட்டின் ஜேனுகுருபர் பழங்குடி மாவுத்தர்களோடு (பாகன்களோடு) வருஷக்கணக்கில் இருந்த எனக்கு இது அந்நியமாகப் படவில்லை. யானையின் காது அசைவைப் பார்த்தே மதம் வரப்போவதைச் சொன்னவர்கள் அவர்கள். எந்த அரண்மனை ஓவியத்தில் அவர்கள் பெயர் இருக்கிறது? அந்த வருத்தம் எனக்கு எப்போதும் உண்டு.

கே: பிடித்த யானையை எப்படிப் பழக்கினார்கள்? கொடுமைதானே?
– வாசகி, ஜெயநகர்

ப: ஆமாம், கொடுமைதான். 1687-ல் சயாம் வந்த பிரெஞ்சுத் தூதர் லா லூபேர், லோப்புரி பக்கத்தில் பார்த்ததை எழுதியிருக்கிறார். பெண் யானைகளைக் காட்டி ஆண் யானையை ஒடுங்கிய பாதைக்குள் இழுத்து, கட்டி, பழகிய யானைகளுக்கு நடுவே நிறுத்துவார்கள். சூடு தணியத் தண்ணீர் ஊற்றுவார்கள். வெள்ளை உடுத்த பிராமணர் யானை மேல் வந்து சுற்றி, மந்திர நீர் தெளிப்பார். (சயாம் அரசவைப் பிராமணர்கள் மரபு தென்னிந்தியாவிலிருந்து போனது. திருவெம்பாவையை அவர்கள் இன்றும் ஓதுகிறார்கள்.)

சடங்கும் தண்ணீரும் இருந்தாலும் கயிறு கயிறுதான். மிரண்ட யானை இழுக்க இழுக்கத் தோல் வெட்டும், மழைக்காலத்தில் புண்ணில் புழு வைக்கும். வேப்பெண்ணெயும் மஞ்சளுமாக அந்தப் புண்களைக் கழுவி மருந்து போட்டவன் நான். எந்த நாட்டு யானைக்கும் அந்த வலி ஒன்றுதான்.

கே: மார்ச்சில் குடும்பத்தோடு தாய்லாந்து போகிறோம். யானைச் சவாரி போகலாமா?
– வாசகர், இந்திராநகர்

ப: வேண்டாம். 1989-ல் தாய்லாந்து அரசு காட்டுமரம் வெட்டத் தடை போட்டது. மரம் இழுத்த யானைகளும் பாகன்களும் ஒரேயடியாக வேலை இழந்து நகரத் தெருக்களுக்கு வந்தார்கள், அதில் பலர் சுற்றுலாவுக்குள் போனார்கள். அதனால் யானையைப் பார்க்கவே போகாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், அந்தக் குடும்பங்களுக்கும் சோறு வேண்டும். லம்பாங்கில் யானைப் பாதுகாப்பு மையம் இருக்கிறது, மருத்துவமனையோடு. சுரினில் தா கிளாங் கிராமத்தில் குய் பாகன்களையே சந்திக்கலாம். எங்கே போனாலும் முதலில் யானையின் கால்களைப் பாருங்கள். சங்கிலித் தழும்பு புதிதாக, ஈரமாக இருந்தால் டிக்கெட் எடுக்க வேண்டாம். மார்ச் 13 அங்கே தேசிய யானை நாள், தேதி ஒத்துவந்தால் அன்று போங்கள்.