அயோவாவில் புல்வெளிக் கல்வி மையத்தைப் போய்ப் பார்ப்பது வீண்தானா?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், பிரெய்ரி சிட்டி ஊர்ப் பக்கம் நீல் ஸ்மித் வனவிலங்குச் சரணாலயத்தில் இருக்கும் கல்வி மையத்துக்குப் பெற்றோரைக் கூட்டிப் போகலாமா, வெறும் புல்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். நயாகரா, சிகாகோ எல்லாம் காட்டி முடித்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் போனேன்.

ஆகஸ்ட் கடைசி. காரைவிட்டு இறங்கியதுமே அப்பா, "ஏங்கண்ணு, பில்லு பாக்கறதுக்கா இத்தன தூரம்?" என்றார். தாராபுரம் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் கொறங்காடு உண்டு. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியுமான மேய்ச்சல் நிலம். அதில் பிறந்து வளர்ந்தவரிடம் புல்லைக் காட்டினால் வேறென்ன சொல்வார்?

உள்ளே பிக் புளூஸ்டெம் புல்லின் வேர்ப் படம் ஒன்று. மேலே ஆள் உயரத்துக்குப் புல், கீழே அதைவிட ஆழமாக வேர். அப்பா அங்கேயே நின்றுவிட்டார். "மழ பொய்ச்சாலும் நம்ம கொழுக்கட்டப் பில்லு தழையறது இதனாலதான்" என்றார். வேர் மண்ணுக்குள் பத்திரமாக இருப்பதால் புல்லுக்கு நெருப்பு வைத்தாலும் மறுபடி துளிர்க்கும், ஊடே முளைக்கும் மரக்கன்றுகள்தான் கருகும் என்று ஊழியர் விளக்கினார். நான் மொழிபெயர்ப்பதற்குள் அப்பா தலையாட்டிவிட்டார்.

இன்னொன்று. நீங்கள் பார்க்கப் போவது ஆதியிலிருந்தே இருக்கும் புல்வெளி அல்ல. அணுமின் நிலையத்துக்கென்று வாங்கிப் போட்டு, அது வராமல் போன விவசாய நிலம். 1990களிலிருந்து விதை சேகரித்து விதைத்து வளர்த்திருக்கிறார்கள். மாநிலத்தில் பழைய புல்வெளி ஆயிரத்தில் ஒரு பங்குகூட மிச்சமில்லை.

அங்கே பைசன் என்ற அமெரிக்கக் காட்டெருமைகளும் உண்டு, ஆனால் கூட்டமாக நிற்கும் என்று நம்பிப் போகாதீர்கள். காரிலிருந்தே பார்க்க வேண்டும், இறங்கக் கூடாது. எங்களுக்குத் தூரத்தில் இரண்டு முதுகுதான் தெரிந்தது. நடைபாதையில் போனால் உண்ணி ஏறும். வேட்டி மடிப்பில் ஒன்றைக் கண்டுபிடித்து, நகத்தில் வைத்து நசுக்கியவரும் அப்பாதான்.

விளம்பரம் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம், நுழைவுக் கட்டணமே கிடையாது. நான் தாவரவியல் படித்தவளும் இல்லை.

வீடு திரும்பினால் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம்: உங்கள் புல் எட்டு அங்குலம் தாண்டிவிட்டது, வெட்டாவிட்டால் அபராதம். ஒரு வாரம் மழை, நான் என்ன செய்வேன்? பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதமாகப் படகை வாசலில் நிறுத்தியிருக்கிறார், அதற்கு ஒரு கடிதமும் இல்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ரெண்டு ஆட்ட வாங்கிக் கட்டு" என்றார்.