உட்கார்ந்த இடத்தில் வேலை, இதற்கு ஏன் வலி?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் (துணி ஓரம் தைக்கும் மெஷின்) டெய்லராக இருக்கிறேன். பீஸ் ரேட் என்பதால் காலை எட்டரைக்கு உட்கார்ந்தால் இரவு வரை எழுந்திருக்க மனம் வராது. ஒரு வருடமாக இடுப்பும் கழுத்தும் வலிக்கின்றன. மாலையில் இரண்டு பாதங்களும் வீங்கிவிடுகின்றன. மருந்துக்கடையில் வாங்கும் வலி மாத்திரையில்தான் காலம் ஓடுகிறது. இடுப்பு பெல்ட் போடலாமா? “உட்கார்ந்த இடத்தில் வேலை, இதற்கு ஏன் வலி?” என்று மாமியார் கேட்கிறார்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: சகோதரி, மாமியாரின் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சமயத்தில் நீங்களும் அப்படி நினைத்து வலியை மறைத்திருப்பீர்கள். ஓவர்லாக் மெஷின் முன் உட்கார்ந்திருப்பது ஓய்வே அல்ல. ஊசியைப் பார்க்கத் தலை முன்னால் குனிகிறது. ஏறக்குறைய ஐந்து கிலோ எடையுள்ள அந்தத் தலையைக் கழுத்துத் தசைகள் நாள் முழுக்கப் பிடித்து நிறுத்துகின்றன. சாய்மானம் இல்லாத ஸ்டூலில் இடுப்பு வளைந்து, முதுகெலும்பின் வட்டுகள் (டிஸ்க்) முன்பக்கம் அழுந்துகின்றன. பின்பக்கத் தசைநார்கள் இழுபட்டே கிடக்கின்றன. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி இரத்தத்தை மேலே தள்ளும். பெடலை லேசாக அழுத்துவதில் அந்த வேலை நடப்பதில்லை. நீர் பாதத்தில் தேங்குவதற்கு இது ஒரு காரணம்.

லண்டனின் இரண்டடுக்கு பஸ் ஊழியர்களைப் பற்றி மருத்துவ ஆய்வாளர் ஜெர்ரி மோரிஸின் குழுவினர் 1953-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். படியேறி இறங்கி டிக்கெட் கொடுத்த நடத்துநர்களைவிட, உட்கார்ந்தே பஸ் ஓட்டியவர்களுக்கு இதய நோய் அதிகமாக இருந்தது. மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். வலி உங்கள் சோம்பலால் வந்தது அல்ல.

‘நிமிர்ந்து உட்காருங்கள்’ என்று மட்டும் சொல்லி உங்களை அனுப்ப எனக்கு விருப்பமில்லை. எவ்வளவு நேர்த்தியாக உட்கார்ந்தாலும் அதே நிலையில் மூன்று மணி நேரம் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். அலுவலக ஊழியர் என்றால், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கச் சொல்வேன். பீஸ் கணக்கில் கூலி வாங்குபவருக்கு அது கட்டுப்படியாகாது என்பது தெரியும். அதனால் தைக்கக் கொடுக்கும் பண்டலை (துணிக் கட்டை) கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பண்டல் முடிந்ததும் ஹெல்பருக்காகக் காத்திருக்காமல் நீங்களே எழுந்து கொண்டுபோய் வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்து வாருங்கள். நின்றபடியே இரண்டு கைகளையும் இடுப்பில் வைத்து, மெதுவாக நாலைந்து முறை பின்னால் வளையுங்கள். ஒரு நிமிடம்கூட ஆகாது. டீ நேரத்தில் உட்கார்ந்து குடிக்காமல் நடந்துகொண்டே குடியுங்கள்.

ஸ்டூலை ஒருமுறை கவனியுங்கள். தாழ்வாக இருந்தால் தோள்கள் தூக்கிக்கொள்ளும், முழங்கால் இடுப்பைவிட மேலே போகும். கெட்டியாக மடித்த துணியோ தலையணையோ போட்டு, முழங்கை மேசை மட்டத்துக்கு வருமாறு உயர்த்துங்கள். பெடல் தள்ளியிருந்தால் உடம்பு அதைத் தேடிச் சரியும். அருகே இழுத்து வைக்கச் சொல்லுங்கள். ஊசி மேல் வெளிச்சம் போதாவிட்டாலும் தலை குனியும். துணி அடுக்கு எப்போதும் ஒரே பக்கம் இருந்தால் இடுப்பு அந்தப் பக்கமே திருகும். அதை முடிந்தவரை முன்னால் நகர்த்துங்கள்.

பெல்ட் வேண்டாம் என்பேன். வலி கடுமையான சில நாட்களுக்கு மருத்துவர் சொன்னால் போட்டுக்கொள்ளலாம். ஆனால் அது உங்களை எழுந்து நடக்க வைக்காது.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது அந்த வலி மாத்திரைதான். மருத்துவர் பார்க்காமல் மாதக்கணக்கில் விழுங்கினால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகம் கெடலாம், பாதம் வீங்கவும் அதுவே காரணமாகலாம். உடனே நிறுத்திவிட்டு, அரசு மருத்துவமனையிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ இரத்த அழுத்தம், சர்க்கரை, ஹீமோகுளோபின், தைராய்டு, சிறுநீரகப் பரிசோதனைகள் செய்துகொள்ளுங்கள். இரண்டு பாதமும் வீங்குவதை வேலையின் தலையில் மட்டும் போட்டுவிடக் கூடாது. கழிப்பறைக்குப் போகும் நேரத்தை மிச்சம் பிடிக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கும் தோழிகள் உங்கள் லைனில் இருப்பார்கள். நீங்களும் அப்படியென்றால் இன்றே விட்டுவிடுங்கள். சிறுநீர்த் தொற்று வந்தால் பல நாள் கூலி போகும்.

சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்திருக்கலாம். கூடவே மூச்சு வாங்கினால் ஒரு நொடியும் தாமதிக்காதீர்கள். கால் மரத்து வலுவிழந்தாலும், சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும், தொடையிடுக்கில் உணர்ச்சி குறைந்தாலும் அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

சூப்பர்வைசரிடம் தனியாகப் போய் நிற்காதீர்கள். உங்கள் லைனில் நான்கைந்து பேருக்காவது இதே வலி இருக்கும். சேர்ந்து போய், முதுகு சாய்க்கக்கூடிய, உயரத்தை ஏற்றி இறக்கக்கூடிய நாற்காலியைக் கேளுங்கள். எல்லோருக்கும் ஒரேயடியாக முடியாது என்றால், முதலில் கர்ப்பிணிகளுக்கும் அதிக வலி உள்ளவர்களுக்கும் கொடுக்கச் சொல்லுங்கள்.