புரோகிராமர் கேட்டால் வாங்கித் தரலாமா?

கேள்வி: சேலம் ஃபேர்லேண்ட்ஸில் சின்னதாக ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி நடத்துகிறேன். எட்டு புரோகிராமர்கள். ஒருவர் 16 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் கேட்கிறார், ஒருவர் இரண்டாவது மானிட்டர் கேட்கிறார், இன்னொருவருக்கு மேக்புக்தான் வேண்டுமாம். அம்மாப்பேட்டையில் விசைத்தறி வைத்திருக்கும் அப்பாவோ, "இன்னைக்கு இதைக் குடுத்தா நாளைக்கு ஏசி ரூம் கேப்பாங்க" என்கிறார். தாராளமாகச் செலவு செய்யலாமா?
- பெயர் வேண்டாம், சேலம்

பதில்: முதல் இருவருக்கும் யோசிக்காமல் செய்து கொடுங்கள். யோசிக்க வேண்டியது மூன்றாவது ஆள் விஷயத்தில்தான்.

மாதம் 32,000 சம்பளம் வாங்குபவர், எட்டு மணி நேர வேலையில் தினமும் அரை மணி மெஷினுக்காகக் காத்திருக்கிறார் என்று வையுங்கள். மாதம் 2,000, வருஷத்துக்கு 24,000 ரூபாய் வீண். லேப்டாப் நாலு வருஷமாவது உழைக்கும். அரை மணி என்பதே குறைவான கணக்கு. நம்பிக்கை இல்லையென்றால் ஒருநாள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். ஆப் எழுதும் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோ, திரையிலேயே போன் மாதிரி ஓடும் எமுலேட்டர், குரோமில் இருபது டேப் என்று திறந்தால் 8 ஜிபி ரேம் அதிலேயே நிரம்பிவிடும். ரேமில் கொள்ளாததை மெஷின் டிஸ்க்கில் எழுதி எழுதி எடுக்கும். பழைய ஹார்டு டிஸ்க் என்றால் மவுஸ்கூட நகராது. எழுதிய கோடை ஆப்பாக மாற்றும் பில்டு ஓடும்போது அவர் போனை எடுப்பார், பில்டு முடிந்து நாலு நிமிஷம் கழித்துத்தான் நிமிர்வார். அந்த நாலு நிமிஷத்தையும் மெஷின் கணக்கில்தான் எழுத வேண்டும்.

எட்டுப் பேருக்கும் புதுசு வாங்க வேண்டியதில்லை. கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் ரேம் கூட்டலாம். போர்டோடு பற்றவைத்த மாடல் என்றால் முடியாது. ஹார்டு டிஸ்க்கை, அதைவிட வேகமான எஸ்எஸ்டியாக மாற்றினாலே பாதிப் புகார் அடங்கிவிடும். ஃபேனில் தூசி அடைத்திருந்தால், நம்மூர் ஏப்ரல் வெயிலில் சூடு தாங்காமல் பிராசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆக, அப்பா பயப்படுகிற அந்த ஏசியிலும் நியாயம் உண்டு. அதை அவரிடம் நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள், நான் நடுவில் வரவில்லை!

மேக்புக் கேட்பவர் ஐபோன் ஆப் செய்கிறாரா? அப்படியென்றால் அது ஆடம்பரம் இல்லை. ஐபோன் ஆப் செய்யும் மென்பொருளான எக்ஸ்கோடு மேக்கில்தான் ஓடும். எப்போதாவது ஒருமுறைதான் அந்த வேலை என்றால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு மேக் மினி போதும். வெப்சைட் வேலைக்கு ஆசைப்பட்டுக் கேட்கிறார் என்றால், "இப்போதைக்கு இல்லைப்பா" என்று நேராகச் சொல்லிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டார். இழுத்தடித்தால்தான் கோபம் வரும்.

அப்பாவிடம் பேசும்போது ஒன்று கேளுங்கள். தறியில் நாடாவைத் தள்ளும் பிக்கர் தேய்ந்தால் மாதக் கடைசி வரைக்குமா காத்திருப்பார்?

நாற்காலியை யாருமே கேட்கவில்லை பாருங்கள். எட்டு மணி நேரம் உட்காருகிறவர்கள். பிளாஸ்டிக் சேர் போட்டிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். பெங்களூர்ச் சம்பளத்தோடு நம்மால் போட்டி போட முடியாது, இதிலாவது கை நீளலாம்.

அப்புறம், கம்ப்யூட்டருக்கு வருமான வரியில் வருஷம் 40 சதவீதம் தேய்மானம் உண்டு. அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவாகப் பயன்படுத்தினால் அதில் பாதிதான் கிடைக்கும். அதனால் வாங்குவதைச் செப்டம்பருக்குள் வாங்கிவிடுங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் பில்லைக் கம்பெனி பெயரில் போடச் சொல்லுங்கள். லேப்டாப்புக்குக் கட்டும் 18 சதவீதத்தை இன்புட்டில், அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து, எடுக்க முடியுமா என்று ஆடிட்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.