தாலி கட்டும்போது எங்கே நிற்பது? கல்யாணப் படக்காரர்களின் கேள்விகளும் பதில்களும்

மார்கழியில் கல்யாணம் இல்லை, அதனால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட நேரம். தை முகூர்த்தங்களுக்குத் தயாராகிறவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ‘எந்தக் கேமரா வாங்கலாம்’ என்ற கேள்விகளை மட்டும் இந்த முறை ஒதுக்கிவிட்டேன்.

கேமராவைப் பார்த்ததும் மாப்பிள்ளை விறைத்துப்போகிறார். ‘இயல்பா இருங்க’ என்றால் இன்னும் மோசமாகிறது. என்ன செய்வது? (கோவை வாசகர்)

முதலில் அப்படிச் சொல்வதை நிறுத்துங்கள். சொன்ன பிறகு இயல்பாக இருந்தவர் யாரும் இல்லை. அவர் கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். அங்கவஸ்திரத்தைச் சரிசெய்யட்டும், தம்பிக்கு வேட்டி கட்டிவிடட்டும், தோழனோடு காபி குடிக்கட்டும். கைக்கு வேலை வந்துவிட்டால் முகம் தானாகவே தளர்ந்துவிடும்.

ஆனால் உண்மையான வேலை அதற்கு முன்பே இருக்கிறது. கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால், கேமரா இல்லாமல், இரண்டு வீட்டுக்கும் ஒரு நடை போய் வாருங்கள். பெண்ணைச் சின்ன வயதில் தூக்கி வளர்த்தது யார், எந்தச் சித்தப்பா வந்தால் கூட்டம் சிரிக்கும், எந்தப் பாட்டியால் மேடைப் படி ஏற முடியாது, யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பதையெல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். இது தெரியாதவருக்கு மண்டபத்தில் இருப்பது வெறும் பட்டுப்புடவைக் கூட்டம். தெரிந்தவருக்கு அந்தச் சித்தப்பா வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேமரா தயாராக இருக்கும்.

கேண்டிட், அதாவது போஸ் கொடுக்க வைக்காமல் எடுப்பது என்றால் தூண் மறைவில் நின்று பெரிய லென்ஸில் பிடிப்பது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பக்கத்தில் நின்று அகலமாக எடுக்க உதவும் 35 எம்எம் லென்ஸோடு, பக்கத்திலேயே, இவர் எப்போதும் இங்கேதான் இருப்பார் என்று அவர்களுக்குப் பழகிப்போகும்வரை இருங்கள்.

தாலி கட்டும் அந்த ஒரு நிமிடத்தில் சொந்தக்காரர்கள் எல்லோரும் எழுந்து மறைத்துவிடுகிறார்கள். எங்கே நின்றால் சரியாக இருக்கும்? (மதுரை வாசகர்)

இதற்கு ஒரே பதில் கிடையாது, ஏனென்றால் தாலி கட்டும் முறையே வீட்டுக்கு வீடு வேறு. பிராமணக் கல்யாணங்களில் பெண் அப்பா மடியில் உட்கார்ந்திருப்பார். பல சமூகங்களில் மாப்பிள்ளை ஒரு முடிச்சுப் போட, மீதியை நாத்தனார் பின்னால் நின்று போடுவார். சில வீடுகளில் மாப்பிள்ளை எழுந்து நின்று கட்டுவார். காலையில் மணவறைக்கு வந்ததும் ஐயரிடம் போய், ‘சாமி, எந்தப் பக்கம் பார்த்து உட்காருவாங்க, யார் எங்க நிப்பாங்க?’ என்று கேட்டுவிடுங்கள். யாரும் கேட்பதில்லை என்பதால், கேட்டால் சந்தோஷமாகவே சொல்வார்.

அப்புறம் வீடியோக்காரர். அவரோடு முந்தின நாள் ரிசப்ஷனிலேயே பேசி, ஆளுக்கொரு பக்கம் பிரித்துக்கொள்ளுங்கள். முகூர்த்த நேரத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டால் நஷ்டம் இரண்டு பேருக்கும்தான். உதவியாளர் இருந்தால் அவரை தூரத்திலிருந்து நெருக்கமாக எடுக்கும் 70-200 லென்ஸோடு நடுப்பாதையின் கடைசியில் ஒரு ஸ்டூல் மேல் ஏற்றிவிடுங்கள். நீங்கள் மேடையில், மணமக்களின் கண் மட்டத்துக்குக் கீழே உட்கார்ந்துகொள்ளுங்கள். பெண் தலை குனிந்திருப்பார், நின்று எடுத்தால் நெற்றிச்சுட்டிதான் கிடைக்கும்.

ஐயர் கையை உயர்த்தி ‘கெட்டி மேளம்’ என்றதும் அட்சதை பறக்கும். அரிசி காற்றில் நிற்பது போல வேண்டுமானால் ஷட்டர் வேகம் நொடியில் 1/500 பங்கை விட மெதுவாக இருக்கக் கூடாது. முடிச்சு விழுந்ததும் பலர் கேமராவை இறக்கி எடுத்ததைத் திருப்பிப் பார்க்கிறார்கள். பெண்ணின் அப்பா துண்டால் முகத்தைத் துடைப்பதும், அம்மா யாருக்கும் தெரியாமல் மூக்கை உறிஞ்சுவதும் அப்போதுதான் நடக்கும். மேளம் ஓயும்வரை திரையைப் பார்க்காதீர்கள்.

எல்இடி விளக்கு போட்ட மண்டபங்களில் படத்தில் கோடு கோடாக விழுகிறது. கேமரா பழுதா? (சேலம் வாசகி)

பழுது இல்லை. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் மலிவான விளக்குகள் நொடிக்கு 100 முறை துடிக்கும். ஷட்டரை 1/100 அல்லது 1/50-இல் வைத்தால் பெரும்பாலும் கோடு மறையும். சத்தமில்லாத எலெக்ட்ரானிக் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். மேடைக்குப் பின்னால் வைக்கும் எல்இடி திரையின் துடிப்பு வேறு. அதை முந்தின நாள் மாலையே சோதித்துப் பாருங்கள். அட்சதைக்கு 1/500 வேண்டும், விளக்குக்கு 1/100 வேண்டும் என்று இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் ஃப்ளாஷ்தான் கைகொடுக்கும். அதை மேலே திருப்பி அடிப்பதற்கு முன் கூரையைப் பாருங்கள். சிவப்புத் துணி கட்டியிருந்தால் எல்லோர் முகமும் குங்குமம் பூசியது போல வரும்.

பெண்ணை ‘இன்னும் கொஞ்சம் கலரா’ காட்டச் சொல்லி அவர் அத்தை நச்சரிக்கிறார். (திருநெல்வேலி வாசகர்)

பெண்ணிடம் கேளுங்கள், அத்தையிடம் வேண்டாம். பரு, தூக்கமில்லாத கண் கருவளையம் போன்றவற்றைச் சரிசெய்யலாம், அடுத்த மாதம் அவை இருக்காது. நிறம் அப்படி இல்லை. என் ஒப்பந்தத்திலேயே ‘தோல் நிறம் மாற்றப்படாது’ என்று ஒரு வரி இருக்கிறது. அதைக் காட்டியதும் பேச்சு முடிந்துவிடும்.

மாப்பிள்ளையின் அம்மா கணவரை இழந்தவர். சடங்கு முழுக்கக் கடைசி வரிசையிலேயே இருந்துவிடுகிறார். ஆல்பத்தில் அவருக்கு எப்படி இடம் கொடுப்பது? (தஞ்சாவூர் வாசகி)

அந்த வழக்கம் எனக்கும் எரிச்சல்தான். ஆனால் மேடைக்குக் கையைப் பிடித்து இழுத்து வந்தால் சங்கடப்படப்போவது அவர்தான். மாப்பிள்ளையிடம் முன்கூட்டியே தனியாகப் பேசிவிடுங்கள். விடியற்காலையில் மணமகன் அறையில் அம்மா விபூதி பூசிவிடட்டும், மாப்பிள்ளை அம்மா காலில் விழட்டும். கூட்டம் வருவதற்கு முன்னால் ஜன்னல் வெளிச்சத்தில் அதை எடுங்கள். முகூர்த்தத்தின்போது உதவியாளர் ஒருவரின் லென்ஸ் கடைசி வரிசை மேலேயே இருக்கட்டும். ஆல்பத்தில் அந்தப் படத்துக்கு முழுப் பக்கம் கொடுங்கள், ஓரத்தில் சின்னக் கட்டமாக வைக்காதீர்கள். மாப்பிள்ளையே அம்மாவை மேடைக்கு அழைக்க முடிவு செய்தால் அதைவிட நல்லது.

நிக்காஹ்வில் பெண்கள் பகுதிக்கு? (வேலூர் வாசகர்)

பெண் படக்காரரை அனுப்புங்கள். ஆள் இல்லை என்றால் முன்பணம் வாங்கும்போதே சொல்லிவிடுங்கள். யாருடைய படங்களை வெளியே காட்டக் கூடாது என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் எடுத்த படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டதற்குக் கல்யாண வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். என் படம்தானே? (சென்னை வாசகர்)

இல்லை. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, ஒருவர் கேட்டுக்கொண்டு பணம் கொடுத்து எடுக்கப்பட்ட புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், அவரே முதல் உரிமையாளர் என்கிறது. நம்மில் பலருக்கு இது தெரியவே தெரியாது. உங்கள் பக்கத்தில் போட வேண்டுமென்றால், எந்தப் படங்கள், எங்கே என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்து இருந்தாலும் அழுகிற முகத்தைப் போடுவதற்கு முன் ஒரு முறை அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

எத்தனை படம் கொடுக்கலாம்? எல்லாவற்றையும் கேட்கிறார்கள். (ஈரோடு வாசகர்)

மூடிய கண், மங்கல், ஒரே நொடியில் எடுத்த பத்து ஆகியவற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தைக் கொடுங்கள். ஆனால் கழிக்கும்போது அழகை மட்டும் பார்க்காதீர்கள். சாப்பாட்டுப் பந்தியில் தாத்தா இலையை மடிக்கும் படம் சற்று இருட்டாக இருந்தாலும் அந்த வீட்டுக்கு அது வேண்டும். ஆல்பம் கைக்குப் போய்ச் சேரும்வரை மெமரி கார்டை அழிக்க வேண்டாம். அன்று இரவே இரண்டு ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுத்து, ஒன்றை வீட்டிலும் ஒன்றை ஸ்டூடியோவிலும் வையுங்கள்.