பாய்மரப் படகில் குடும்பத்தோடு: முன்பணம், வானிலை, உயிர்காப்பு உடை

கேள்வி: இரண்டு சிறுவர்கள் உட்பட எட்டுப் பேர், ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் பாய்மரப் படகில் நான்கு மணி நேரம் போக முன்பதிவு செய்திருக்கிறோம். பாதிப் பணம் கட்டியாயிற்று. இப்போது இடியுடன் மழை என்கிறது வானிலை மையம். "படகு தயாரா நிக்கும், நீங்க வரலைன்னா பணம் திரும்பாது" என்கிறார்கள். என்ன செய்யலாம்? (வேளச்சேரி)

பதில்: போகவே போகாதீர்கள். இடி காதில் விழுகிறது என்றால் மின்னலும் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. திறந்த கடலில் சுற்றுவட்டாரத்திலேயே உயரமான பொருள் உங்கள் படகின் பாய்மரம்தான்.

பணத்துக்கு வருவோம். முதலில் வேறு தேதி கேளுங்கள். போனில் பேசினாலும், வானிலை எச்சரிக்கையின் படத்தோடு வாட்ஸ்அப்பிலும் ஒரு செய்தி முந்தின நாளே போகட்டும். அவர்களே பயணத்தை ரத்து செய்துவிட்டுப் பணத்தையும் தர மறுத்தால், அது சேவைக் குறைபாடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுத்தால் போதும். ரசீது தர மறுப்பதையும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ஆனால் "பணம் திரும்பாது" என்ற நிபந்தனையைக் காட்டிய பிறகு நீங்கள் பணம் கட்டியிருந்து, நீங்களாகவே போகாமல் இருந்தால் வழக்கு கடினம். அந்தப் பணம் போனாலும் பரவாயில்லை, வீட்டில் இருங்கள்.

அடுத்த முறை பணம் கட்டும் முன்பே மூன்றைக் கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்: ரத்து செய்வது யார் முடிவு, எந்தக் காற்று வேகத்தில், பணம் என்ன ஆகும். பாதி வழியில் திரும்பினால் அன்றைய வருமானம் போய்விடும் என்ற நிலையில் இருக்கும் படகோட்டி, "பத்து நிமிஷத்துல விட்டுரும் சார்" என்றுதான் சொல்வார். அவர் நல்லவராக இருந்தாலும் அப்படித்தான். தேதியை இலவசமாக மாற்றித் தருபவருக்குக் கொஞ்சம் கூடுதலாகவே கொடுக்கலாம். குழந்தைகள் இருந்தால் சராசரிக் காற்று 15 நாட், அதாவது மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர், என்று வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பாயின் மீது விழும் விசை நான்கு மடங்காகும். 10 நாட்டில் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் 20 நாட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருப்பது அதனால்தான். பாயின் பரப்பைக் குறைத்துக் கட்டும் வசதி இருக்கிறதா, எஞ்சின் ஓடுகிறதா என்று கரையிலேயே பார்த்துவிடுங்கள். "ஓட்டிக் காட்டுங்க" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கேள்வி: வானிலை ஆப்பில் காற்று 12 நாட் என்றுதான் இருந்தது. கரையிலிருந்து பார்க்கக் கடலும் தட்டையாக இருந்தது. ஜூலையில் போய்த் திரும்பி வரப் படாத பாடு பட்டோம். ஏன்? (அடையாறு)

பதில்: ஜூன் முதல் செப்டம்பர் வரை நம் பக்கம் கச்சான் அடிக்கும். அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்று என்பதால் கரையோரம் அலை எழாது. உள்ளே போகப் போகத்தான் கடல் கரடுமுரடாகும். போகும்போது காற்று பின்னாலிருந்து தள்ளும், வரும்போது எதிர்த்து வளைந்து வளைந்து வர வேண்டும். அரை மணியில் போன தூரத்துக்குத் திரும்ப ஒன்றரை மணி ஆகலாம். அந்த மாதங்களில் பிற்பகலுக்கு மேல் மேற்கிலிருந்து இடிமேகமும் வரும். அது கொட்டும் திடீர்க் காற்று ஆப்பில் முன்கூட்டியே தெரியாது. ஆப் காட்டுவது கடலின் ஒரு பெரிய பரப்புக்கான சராசரி. எனவே சராசரியோடு நில்லாமல், கூடவே தனியாகப் போட்டிருக்கும் வீச்சு (gust) வேகத்தையும் பாருங்கள்.

இன்னொன்று, அலையின் உயரத்தை மட்டும் பார்க்காமல் இரண்டு அலைகளுக்கு இடையிலான நொடிகளையும் பார்க்க வேண்டும். 14, 15 நொடி என்றால் அது எங்கோ தெற்கே அடித்த புயலின் அலை. நடுக்கடலில் மெதுவாகத் தூக்கி இறக்கும், முகத்துவாரத்தில் வந்து உடையும். கள்ளக்கடல் என்று கடலோரத்தில் சொல்வது இதைத்தான். காற்றே இல்லாத நாளிலும் வரும். ஹைதராபாத்தில் உள்ள கடல் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் (INCOIS) இதற்கென்றே எச்சரிக்கை வெளியிடுகிறது. புறப்படும் முன் அதையும், வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையையும் பாருங்கள். குடும்பத்தோடு போக எங்கள் சிபாரிசு ஜனவரி முதல் மார்ச் வரை, அதிலும் காலை நேரம்.

கேள்வி: ஐந்து வயது மகளுக்குச் சொந்தமாக லைஃப் ஜாக்கெட் வாங்க நினைக்கிறோம். ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கே கிடைக்கிறதே? (புதுச்சேரி)

பதில்: சொந்தமாக வாங்குவது நல்ல முடிவு. வாடகைப் படகுகளில் பெரும்பாலும் பெரியவர் அளவுதான் இருக்கும். விலைக்கு முன்னால் லேபிளைப் பாருங்கள். எந்த எடைக்கு உரியது, எத்தனை நியூட்டன் (மிதக்க வைக்கும் விசையின் அளவு), ஐஎஸ்ஓ 12402 தரமா என்று இருக்க வேண்டும். 50 நியூட்டன் என்பது நீச்சல் தெரிந்தவர், உதவி பக்கத்தில் இருக்கும் இடத்தில், மிதப்பதற்கான துணை. மயங்கியவரின் முகத்தை அது மேல்நோக்கித் திருப்பாது. குழந்தைக்கு 100 அல்லது 150 நியூட்டன், ஃபோம் வகை, தலைக்குப் பின்னால் காலருடன், தொடைகளுக்கு நடுவே வரும் பட்டையுடன் வாங்குங்கள். எல்லாக் கொக்கியும் மாட்டியபின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்துக் குழந்தையை லேசாகத் தூக்குங்கள். ஜாக்கெட் மேலேறி முகவாயும் காதும் உள்ளே போனால் அளவு பெரிது. "அடுத்த வருஷமும் போடலாம்" என்று ஒரு அளவு கூட்டி வாங்கும் பழக்கம் பள்ளிச் சீருடையோடு நிற்கட்டும். கடலுக்குப் போகும் முன் நீச்சல் குளத்தில் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

தானாகக் காற்றடைக்கும் வகை பெரியவர்களுக்கு வசதிதான். ஆனால் தண்ணீர் பட்டதும் கரைந்து காற்றடைக்க வைக்கும் மாத்திரை உள்ளது நம் கடலோர ஈரப்பதத்தில், அலமாரிக்குள்ளேயே விரிந்துவிடக்கூடும். காற்றடைக்கும் வாயு சிலிண்டர் காலியான பின் அதை மாற்றாவிட்டால் அது வெறும் துணி. ஆண்டுக்கு இரண்டு முறை போகும் குடும்பத்துக்கு ஃபோம் போதும். அதன் மேல் யாரும் உட்காரக் கூடாது, அழுந்தினால் மிதவை குறையும். படகில் கொடுப்பதையும் சோதியுங்கள்: நிறம் வெளுத்து, ஃபோமை அழுத்தினால் பழைய நிலைக்கு வராமல், பட்டையைச் சுண்டினால் தையல் விட்டால், வேறு கேளுங்கள்.

கேள்வி: மீன்பிடிக்கும் ஃபைபர் படகில் பாதி விலைக்குக் கூட்டிப் போகிறேன் என்கிறார்கள். (கடலூர்)

பதில்: வேண்டாம். 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் கவிழ்ந்த படகில் இருந்தவர்கள் உல்லாசமாகப் போன குடும்பத்தினர். 22 பேர் இறந்தார்கள். பயணிகளை ஏற்றும் உரிமமும், ஏற்றக்கூடிய ஆள் எண்ணிக்கையும் எழுத்தில் இல்லாத படகில் எந்த விலைக்கும் ஏறாதீர்கள்.

கேள்வி: அவசரத்துக்கு யாரை அழைப்பது? வாந்திக்கு என்ன வழி? (சென்னை)

பதில்: கடலோரக் காவல் படை 1554, கடலோரப் போலீஸ் 1093. இரண்டையும் எல்லோருடைய போனிலும் பதியுங்கள். போன் தண்ணீர் புகாத உறையில் இருக்கட்டும். திரும்பும் நேரத்தைக் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். குமட்டல் மாத்திரையை டாக்டரைக் கேட்டு, ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். வாந்தி ஆரம்பித்த பிறகு போட்டால் அது வயிற்றில் தங்காது.